பூட்டு சாவிக்கு ஒரு ஓட்டு: ராமநாதபுரம் கரையில் காலநிலையை முன்வைத்து நடந்த ஊராட்சித் தேர்தல்

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், ராமநாதபுரம் கடற்கரை ஊராட்சி ஒன்றில் தலைவர் பதவிக்கு நின்ற, கடல்பாசி எடுக்கும் பெண் ஒருவர் தோற்றுப்போனார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, வெற்றிக் கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பிப்பவர்கள் பாதியில் ஏமாற வேண்டாம். ஆனால் அவர் நோட்டீசில் போட்ட வேலைகளில் பல, அடுத்த ஐந்தாண்டில் அந்த ஊரில் நடந்தன. தோற்றவரின் திட்டம் எப்படி நடந்தது, ஜெயிக்க வேண்டிய தேர்தல் எந்தத் தெருவில் கை நழுவியது என்ற இரண்டையும் பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

ஊர்ப் பெயர், ஆட்பெயர் எதையும் எழுதவில்லை. சின்ன ஊர், வார்டு எண்ணைச் சொன்னாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். அடையாளம் தெரியாமலிருக்கப் பக்கத்து ஊர்களில் நடந்த ஒன்றிரண்டையும் இதோடு கலந்திருக்கிறேன். வேட்பாளரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

களம்

மண்டபத்திலிருந்து மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகிற கரைக்கு எதிரே மன்னார் வளைகுடா. அதிலுள்ள 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததுதான் அதற்குப் பெரிய காரணம். அலையை முதலில் வாங்கிக்கொள்வது பாறைதான். அது போனபின் மணல் திட்டு எத்தனை நாள் தாங்கும்? மிச்சமிருக்கும் பவளமும் 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி வெளுத்தது.

தண்ணீர்க் கதை இன்னும் பழையது. ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வந்து கொட்டிவிட்டுப் போகும். அதை ஊரணியில் பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி வரை உவர்த் தண்ணீர்தான். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009இல் வந்தது. ஆனாலும் குழாயின் கடைசி முனையில் இருக்கும் ஊர்களில் நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நடப்பது நிற்கவில்லை. இந்த மாவட்டத்தின் அரசியலைத் தெரிந்துகொள்ள மேடைப் பேச்சு கேட்கத் தேவையில்லை. அந்த வண்டி எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

காற்றும் முன்போல் இல்லை என்பது கரையில் எல்லோரும் சொல்வது. வாடை பிந்துகிறது, கச்சான் நாள் தெரியாமல் அடிக்கிறது, வலை எடுத்துப் போன நாளில் பாதி நாள் சும்மா திரும்புகிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டம் இது. கடல் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அக்கா நின்றது எப்படி

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டமானது. அதன்படி இந்த ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு வந்தது. வழக்கம்போல மூன்று வீடுகளில் ஆண்கள் கூடி, யார் மனைவியை நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா யாரையும் கேட்காமல் மனு வாங்கி வந்துவிட்டார். கணவர் அப்போது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலில் இருந்தார், செய்தி அவருக்குக் கரை வந்த பிறகுதான் தெரியும். கேட்டுவிட்டு, "சரி, டெபாசிட்டுக்குக் காசு இருக்கா?" என்றாராம். கிராம ஊராட்சித் தலைவருக்கு 600 ரூபாய்தான்.

அக்காவுக்கு இந்தத் துணிச்சல் பாசித் தொழிலில் வந்தது என்பது என் கணிப்பு. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிற பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி முங்குகிறவர்கள். பூங்கா எல்லை விஷயத்தில் வனத்துறையோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் இறங்குவது, விசைப்படகுத் தடைக்காலத்தில் தாங்களும் பாசி எடுக்காமல் நிறுத்துவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தபோது இந்தக் கரைப் பெண்களுக்கு வெளியுலகத்தில் ஒரு முகம் கிடைத்தது. அதிகாரியிடம் மனு எழுதவும், பதில் வராவிட்டால் மறுபடி போய் நிற்கவும் அவர்கள் தேர்தலுக்கு முன்பே பழகிவிட்டார்கள்.

கிராம ஊராட்சியில் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி நிழல் உண்டு, அது வேறு. அக்காவுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி.

நோட்டீசு எழுதிய கதை

முதல் நோட்டீசை ஊர்க் கல்லூரிப் பையன்கள் எழுதினார்கள். பாரீஸ் ஒப்பந்தம், 1.5 டிகிரி, கரியமில வாயு எல்லாம் இருந்தது. ஒரு பிழை கிடையாது. மீன் ஏலக் கூடத்தில் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் மடித்து, ஈரத் தரையில் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது நோட்டீசை அக்காவே சொல்லச் சொல்ல எழுதியது. இந்த நிகழ்விலேயே என்னைக் கவர்ந்த காகிதம் அதுதான். ஒரே தாள், மூன்று பகுதி. "நான் கையெழுத்துப் போட்டால் நடக்கும்", "கிராம சபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பணும்", "ஊராட்சியால் ஆகாது". இந்தப் பிரிவினை சட்டத்தோடு ஒத்துப்போகிறது என்பது அப்போது அவருக்கே தெரியாது. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 இனங்கள் இருக்கின்றன. காலநிலை என்று அதில் எதுவும் இல்லை. ஆனால் குடிநீர், சிறுபாசனம், மீன்வளம், சமூகக் காடு, மரபுசாரா எரிசக்தி எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடைமுறை அதையும் இன்னும் குறுக்குகிறது. ஊரணியும் குட்டையும் ஊராட்சி கையில். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் இருக்கும் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத் துறைக்கு. கடலும் தீவும் வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும். ஆக, தலைவரின் பேனா கடற்கரை மணல் வரைகூட எட்டாது.

முதல் பகுதியில் தெருவிளக்கு முதலில் இருந்தது. ஊராட்சி வருமானத்தை அரிப்பது மின்கட்டணம், தெருவிளக்கும் மோட்டாரும். அக்கா கணக்கு சொன்ன விதம் இது: 40 வாட் டியூப் லைட்டை எடுத்துவிட்டு 20 வாட் எல்இடி போடு. நூறு விளக்கு என்றால் மணிக்கு 2 யூனிட் மிச்சம், ராத்திரி 12 மணி நேரத்துக்கு 24 யூனிட். ஒரு வருடத்துக்குப் போட்டுப் பார், எத்தனை குழாய் ரிப்பேருக்கு ஆகும் என்று. டீக்கடையில் இதை ஒருவர் மறுத்துப் பேசி, பேனா வாங்கிக் கணக்குப் போட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார். பருவநிலை பற்றிய பேச்சு அதில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து ஊரணி. ஒரு ஏக்கர் ஊரணியில் ஒரு மீட்டர் மண் எடுத்தால் சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடமாகும். கணக்கு சரி. ஆனால் பழைய கிணறு வெட்டுக்காரர் ஒருவர் இடையில் புகுந்தார்.

"ஆத்தா, ஜேசிபியை எறக்கி ஆழமாத் தோண்டிறாதீய. அடியில உப்புக் கெடக்கு. மேல நிக்கிற நல்ல தண்ணி மெல்லிசா நிக்கிது. களிமண்ணைக் கீறிட்டா ஊரணியே உவரு."

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதந்து நிற்கிறது. அடியில் இருக்கும் களிமண் படுகை போனால் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஆகவே நோட்டீசில், "ஊரணியை ஆழப்படுத்துவோம்" என்று இருந்ததை அடித்துவிட்டு, "வரத்துக்காலைத் திறப்போம், வண்டல் மட்டும் எடுப்போம், நூறு நாள் வேலையில் கைவேலையாகச் செய்வோம்" என்று மாற்றினார்கள். ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மூன்று இடத்தில் அடைபட்டிருந்தது. அதில் ஓர் இடத்தில் அடைத்திருந்தது அக்காவின் சொந்தக்காரர் வீட்டுச் சுற்றுச்சுவர். அதைப் பற்றி நோட்டீசில் எதுவும் இல்லை. வாயால் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாவது, புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி. கட்டடம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பூட்டு தொங்குகிறது. ராத்திரி காற்று எழும்பினால் சாவி இருக்கும் ஆள் வெளியூரில். சின்னமும் பூட்டு சாவியாக அமைந்துவிட்டதால் பிரசாரத்தில் இது பற்றிக்கொண்டது. "புயல் வீட்டுச் சாவி ஊர்க்கையில்" என்று சிறுவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவை அக்கா இரண்டாம் பகுதியில் வைத்தார். கரை அரிக்கும் ஊர் எல்லாம் கேட்பது அது. கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். இங்கே போட்டால் அடுத்த ஊருக்குத் தலைவலி. "கேட்போம், ஆனா அந்த அடுத்த ஊரையும் கூட்டி வச்சுக் கேட்போம்" என்றார். ஓட்டு குறையும் என்று தெரிந்தே சொன்னது. இறால் பண்ணையும் அதே பகுதியில்தான். மீன் வருமா, கச்சத்தீவு வருமா என்பதெல்லாம் மூன்றாம் பகுதி.

அந்த மூன்றாம் பகுதி வேலை செய்த விதத்தை ஒரு பேச்சில் காட்டலாம். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நீ வந்தா மீன் வந்துருமாத்தா?"

"வராது பெரியப்பா. டீசல் வெலையும் என் கையில இல்ல. கரையில எரியிற லைட்டும் குடிக்கிற தண்ணியும்தான் என் கையில."

"அட, ஒருத்தியாச்சும் ஒண்ணு ஆகாதுன்னு சொல்றாளே."

அவர் ஓட்டு விழுந்ததா தெரியாது. அவர் சொன்னது மட்டும் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

பிரசாரம், காசு

மனுத்தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை, திரும்பப் பெற 19, வாக்குப்பதிவு 27, 30 என்று இரண்டு கட்டம். சின்னம் கிடைத்த பிறகு பிரசாரத்துக்குச் சில நாட்கள்தான். தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். அக்காவின் செலவு அதற்குள் அடங்கியது, ஏனென்றால் அதற்கு மேல் இல்லை. எதிரே நின்றவர் ஒப்பந்தக்காரர் வீட்டுப் பெண். அவர்கள் பக்கம் வரம்பு எங்கே போனது என்று கேட்பதே வீண். கடைசி இரண்டு ராத்திரி வீடு வீடாக என்ன போனது என்பதும் ஊரறிந்ததே.

ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி. சீட்டுக்குச் சீட்டு நிறம் வேறு, தலைவருக்கு இளஞ்சிவப்பு. வயதான பெண்களுக்கு இது பெரிய குழப்பம். அக்காவின் குழுப் பெண்கள் தண்ணீர் வண்டி வரிசையில் நின்றபடியே நிறம் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டம் போடக் காசில்லாத வேட்பாளருக்கு அந்த வரிசை இலவச மேடை.

ஒரு நல்ல முடிவையும் எடுத்தார்கள். அக்கா தனியாக நிற்கவில்லை. ஒன்பது வார்டில் ஐந்தில் தங்கள் ஆட்களை நிறுத்தினார்கள், நான்கு பெண்கள், ஒரு பையன். வார்டு உறுப்பினர் டெபாசிட் 200 ரூபாய். அந்தப் பதவிக்கு ஊரில் மரியாதையும் கம்மி, போட்டியும் கம்மி. பின்னால் ஊரைக் காப்பாற்றியது அந்த 200 ரூபாய்தான்.

கருவை

இனித் தோல்விக்கு வருகிறேன். பணம், ஒப்பந்தக்காரர், உறவு என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை, ஆனால் அவை எல்லா ஊரிலும் எல்லாத் தேர்தலிலும் இருப்பவை. இந்த வேட்பாளரை வீழ்த்தியது அவரே எழுதிய ஒரு வரி: "சீமைக்கருவேலம் இல்லாத ஊராட்சி."

ராமநாதபுரத்தில் பசுமை பேசுகிற எவரும் இந்த வரியை எழுதாமல் இருக்க முடியாது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட காலத்தில் மாவட்டமே ஜேசிபி சத்தமாக இருந்தது. கண்மாயை அடைக்கிறது, வரத்துக்காலை அடைக்கிறது, வேறெதையும் முளைக்க விடுவதில்லை. கல்லூரிப் பையன்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அக்கா சேர்த்துக்கொண்டார்.

ஊராட்சியின் மேற்குக் கடைசியில் இருக்கும் தெருக்களில் கருவைதான் சோறு. படகு இல்லை, நிலம் இல்லை, பாசிக்கு இறங்கும் பழக்கமும் இல்லை. வெட்டி, மூட்டம் போட்டு, கரி சுட்டு, மூட்டையாக வியாபாரிக்குப் போடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு அந்த முள்மரம்தான் காரணம். எதிரணியினர் வேறெதுவும் செய்யவில்லை. அக்காவின் நோட்டீசையே எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருவில் சத்தம் போட்டு வாசித்தார்கள்.

மறுநாள் அக்கா அங்கே போனபோது யாரும் கோபப்படவில்லை. பாய் போட்டு உட்கார வைத்தார்கள், கடுங்காப்பி கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் கேட்டார்: "கருவைய வெட்டிப்புட்டா நாங்க என்னத்தத் திங்கிறது மதினி?" அக்கா, வெட்டுகிற வேலையே உங்களுக்குத்தான் என்றார். "வெட்டி முடிச்ச மறுவருசம்?" அதற்குப் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் கை முழுக்கக் கரி நகத்துக்குள் ஏறியிருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவர் அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

கருவை விஷயத்தில் என் கருத்து இது. ஊரணிக்குள்ளும் வரத்துக்காலிலும் அதை வேரோடு எடுக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும், அதனால் வேர் எடுப்பது இயந்திர வேலை, கைவேலைக்காரருக்கு அதில் கூலியும் இல்லை. ஆனால் தரிசிலும் புறம்போக்கிலும் நிற்பதை அடியோடு ஒழிப்பேன் என்று ஓர் ஊராட்சித் தலைவர் சொல்வதற்கு அவசியம் என்ன? அந்த மரத்தை நம்பி இருப்பவர்களுக்கு மாற்றுக் கூலியைக் காட்டாமல் சொல்வது, இருப்பதிலேயே ஏழைகளின் தலையில் பசுமைச் செலவைக் கட்டுவது. மற்ற எல்லாப் பகுதியிலும் தன் பேனாவின் எல்லையை அளந்து எழுதியவர், இந்த வரியில் மட்டும் அளக்கவில்லை.

எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது சின்ன ஊரில் ரகசியமாக நிற்பதில்லை. 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணிக்கை ராத்திரி வரை இழுத்தது. அக்கா இரண்டாவது இடம். மேற்குத் தெருக்கள் மட்டும் பாதிக்குப் பாதி வந்திருந்தால் அவர்தான் தலைவர்.

துணைத் தலைவர் கையெழுத்து

ஐந்து வார்டில் மூன்றில் அக்காவின் ஆட்கள் ஜெயித்தார்கள். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்களில் ஒருவர்தான் மறைமுகமாகத் தேர்வாகிறார். ஜனவரி 11ஆம் தேதி மறைமுகத் தேர்தல். நடுவில் கிடைத்த சில நாட்களில் இரண்டு சுயேச்சை உறுப்பினர்களிடம் பேசினார்கள். அவர்கள் கேட்டது தங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் முதலில் என்பது. கொடுத்தார்கள். பேரம்தான், ஆனால் தண்ணீருக்காக நடந்த பேரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசிக் குழுப் பெண் ஒருவர் துணைத் தலைவரானார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பதவி அலங்காரமாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். தனி ஊராட்சிகளில் தலித் தலைவர்களை முடக்க இதே கையெழுத்தைப் பல ஊர்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் இந்த ஆயுதத்தைப் பெருமையாகச் சொல்ல முடியாது. இங்கே அவர்கள் கடைப்பிடித்த முறை மட்டும் கவனிக்கத் தக்கது. கையெழுத்தை மறுத்து வீட்டில் உட்காரவில்லை. கூட்டத்தில், தீர்மான நோட்டில், ஒரே நிபந்தனையைப் பதிவு செய்தார்கள்: பேவர் பிளாக் சாலைக்கு முன்னால் வரத்துக்கால்.

பேவர் பிளாக் பற்றி ஒரு வார்த்தை. ஊராட்சிக்கு எந்தத் தலைப்பில் பணம் வந்தாலும் அது கடைசியில் பேவர் பிளாக்காக மாறிவிடும் மர்மம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதிய தலைவர் முதலில் முறைத்துக்கொண்டார், அவர் வீட்டுக்காரர் இன்னும் அதிகமாக. 15ஆவது நிதி ஆணைய மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை துணைத் தலைவர் பக்கம் நின்றது. 2021-22 முதல் அந்தப் பங்கு 60 சதவீதம். அந்தப் பணத்தில் எல்லாவற்றையும் கல்லாகப் பதிக்க முடியாது. வரத்துக்கால் திறந்தது. சுற்றுச்சுவர்ச் சொந்தக்காரர் வீட்டில் அக்காவுக்கு இன்றும் பேச்சில்லை.

நடந்ததும் நடக்காததும்

எல்இடி முதலில் வந்தது. கட்டணம் இறங்கியதைப் பார்த்த தலைவரே அடுத்த தெருக்களுக்கும் போடச் சொன்னார். இப்போது அது அவருடைய சாதனைப் பட்டியலில் இருக்கிறது, பலகையில் அக்கா பெயர் கிடையாது. அக்காவுக்கு அதில் வருத்தமா என்று கேட்டேன். "லைட்டு எரியுதுல்ல" என்றார்.

2020இல் கொரோனாவால் கிராம சபைகளே சரியாக நடக்கவில்லை. அக்டோபர் 2 கூட்டத்தையும் அரசு ரத்து செய்தது. இரண்டாம் பகுதித் திட்டங்கள் எல்லாம் சபையை நம்பி இருந்ததால் ஒரு வருடம் அப்படியே கிடந்தன. ஆனால் சாவிக்குச் சபை தேவைப்படவில்லை. அதிகாரிகளிடம் பேசி, மாற்றுச் சாவிகளை மகளிர் குழுப் பொறுப்பாளர்கள் வீடுகளில் வைத்தார்கள். 2020 டிசம்பர் முதல் வாரம் புரெவி புயல் இலங்கையைக் கடந்து பாம்பன் பக்கம் வந்து, வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றபோது அந்த ஏற்பாட்டுக்கு முதல் சோதனை. கதவு இருட்டுவதற்கு முன்பே திறந்திருந்தது. இந்த ஊரில் பெரிய சேதம் எதுவும் இல்லை என்பதால் செய்தியில் வரவில்லை.

பனை விதை நட்டார்கள். முதலில் பல மாதம் தரையில் ஒன்றும் தெரியாது, வேர்தான் கீழே போகும். "பனை எங்கே?" என்று கேலி பேசினார்கள். இப்போது ஊரணிக் கரையில் விசிறி ஓலை முழங்காலுக்கு நிற்கிறது, கடற்கரைப் பக்கம் போட்டதில் பெரும்பகுதி ஆடும் அலையும் எடுத்துக்கொண்டன. குடிநீர் மோட்டாருக்குச் சூரிய மின்சாரம் என்பது கோப்பாகவே இருக்கிறது.

இறால் பண்ணைத் தீர்மானம் போட்டார்கள், அனுப்பினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணை கூடாது என்றது, பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பதிவு செய்த பண்ணைகளுக்கு வழிவிட்டது. 2023 திருத்தம் கதவை இன்னும் அகலத் திறந்தது. இதற்கு எதிரே ஒரு கிராம சபைத் தீர்மானத்தின் எடை என்ன என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகப் போடாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். உப்பூர் அனல்மின் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியை 2021இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்ததையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. கரையோர ஊர்கள் விடாமல் எதிர்த்து நின்ற திட்டம் அது. கிராமத்துக் காகிதம் எப்போது எடை கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்தப் பக்கமும் நல்ல மழை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் ஊரணிக்குப் போய்ச் சேர்ந்தது. அதே மழையில், வீட்டு வாசலைவிட உயர்த்திப் போட்ட பேவர் பிளாக் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. அதில் இரண்டு தெரு துணைத் தலைவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

அடுத்த தேர்தலுக்கு

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. கையெழுத்துக் கேட்டுப் பேரம் பேச இடமில்லாத நிலையில் விளக்கு ஃபியூஸ் போனால்கூட ஒன்றிய அலுவலகம் வரை போக வேண்டியிருக்கிறது என்று பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.

கடற்கரை ஊராட்சியில் இப்படி நிற்க நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்வு சொல்வதில் இரண்டைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். தலைவர் பதவியில் எல்லாக் காசையும் போடாமல் வார்டுகளைப் பிடியுங்கள். யாருடைய அடுப்பை உங்கள் திட்டம் அணைக்கிறது என்று பார்த்துவிட்டு அந்தத் தெருவுக்குத்தான் முதலில் போங்கள், நோட்டீசு அச்சுக்குப் போகும் முன்பே.

அக்கா மறுபடி நிற்கத் தயாராக இருக்கிறார். மூன்று பகுதி நோட்டீசு அப்படியேதான் இருக்கிறது, தெருவிளக்கின் இடத்தில் வடிகால் வந்திருக்கிறது. கருவை வரி மட்டும் இன்னும் முடியவில்லை. "ஊரணி, வரத்துக்காலில் உள்ள கருவையை எடுப்போம், மற்றதை ஊராட்சி ஏலத்தில் வெட்டும் உரிமை மேற்குத் தெருக் குழுவுக்கே" என்று அக்கா எழுதி வைத்திருக்கிறார். ஊராட்சி ஏலத்தை ஒரு குழுவுக்கென்று ஒதுக்க விதி இடம் கொடுக்குமா என்று கேட்க ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போயிருக்கிறது. கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்ட பழைய பையன்களில் ஒருவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்குத் தெருவிலிருந்து இந்த முறை ஒரு வார்டுக்கு ஆள் நிறுத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் பெயர்தான் அடிபடுகிறது. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.